நார்மல்

ஈசிஜி எடுக்க அண்ணனின் மார்பில் ஒட்டியிருந்த வட்டப் பட்டைகளை அவள் ஒவ்வொன்றாக உரித்துக்கொண்டிருந்தாள். நர்ஸ் செய்கிற வேலைதான். ஆனால் நர்ஸ் இழுத்த வேகத்தில் மார்பு முடியும் சேர்ந்து வந்தது. பார்க்கப் பொறுக்காமல் தானே செய்வதாகச் சொல்லிவிட்டாள். உயிர் போய் அரை மணி நேரம் ஆகியிருந்தது. இருந்தும் வலிக்குமோ என்று கை தயங்கியது.

நாற்பத்தோரு வயது. லிஃப்ட் மெக்கானிக். காலையில் யாருடைய கட்டடத்திலோ மோட்டாரைக் கழற்றிக்கொண்டிருந்தவன் அப்படியே சாய்ந்துவிட்டான்.

அண்ணி சுவரோரம் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். அவனுடைய செருப்பு இரண்டும் அவள் மடியில் இருந்தன. ஒன்றே ஒன்று கேட்டாள்.

"நீதானே பாத்துட்டு ஒண்ணுமில்லன்னு சொன்னே?"

குத்தலாகக் கேட்டிருந்தால்கூடத் தாங்கியிருக்கலாம். மறந்துபோன தேதியைச் சரிபார்ப்பதுபோலக் கேட்டாள்.

இரண்டு வருஷத்துக்கு முன் அண்ணன் ஒருநாள் மயங்கி விழுந்தபோது, அவள்தான் ரத்தம் எடுத்துத் தன் லேபுக்குக் கொண்டுபோனாள். பரம்பரை இதயநோய்களுக்கு எந்த ஜீன் காரணம் என்று தேடுகிற சின்ன லேப். வீட்டு மனிதர்களின் ரத்தத்தைச் சோதிக்கக் கூடாது என்று விதி. அவள் பெயர் எழுதாமல் வெறும் எண்ணைப் போட்டு வரிசையில் நுழைத்துவிட்டாள். இதயத் தசைக்கான ஜீனில் ஓர் எழுத்து மாறியிருந்தது. ஆனால் ஒப்பிட்டுப் பார்க்க லேபில் வைத்திருந்த 'நார்மல்' ரத்தத்திலும் அதே மாற்றம் இருந்தது. நோயில்லாத ஆளிடமும் இருப்பது நோயைத் தராது என்று லேபின் தலைவர் ரிப்போர்ட்டில் அந்த வரியைச் சிவப்புப் பேனாவால் அடித்தார். அவள் சந்தோஷத்தில் அன்றே ஓடிப்போய்ச் சொன்னாள். எனக்குக் கல்நெஞ்சு என்று உன் அண்ணி அப்போதே சொல்லிவிட்டாள், அதைக் கண்டுபிடிக்க எதற்கு ரத்தம் என்று அவன் சிரித்தான்.

டாக்டர் கையெழுத்துப் போட வந்தார். ஸ்கேனில் பார்த்தோம், இதயத் தசை தடித்திருக்கிறது, இது குடும்பத்தில் வருவது என்றார். கூடப் பிறந்தவர்கள் உண்டா என்று கேட்டார்.

"நான் ஒருத்திதான்."

"அப்ப நீங்களும் ரத்தம் குடுத்துப் பாத்துடுங்கம்மா."

"குடுத்திருக்கேன்," என்றாள்.

லேபில் அவளுக்குப் பெயரே நார்மல்தான். வேலைக்குச் சேர்ந்த வாரத்தில், ஒப்பிட்டுப் பார்க்க நோயில்லாத ஓர் ஆள் வேண்டும் என்று அவளிடம்தான் ரத்தம் எடுத்தார்கள். நார்மல் இன்றைக்கு லேட், நார்மலுக்குக் கோபம் வந்துவிட்டது என்று ஆறு வருஷமாகக் கேலி. அண்ணனை அவன் தங்கையோடு ஒப்பிட்டிருக்கிறார்கள். ஒரே வயிற்றில் பிறந்த இருவரிடமும் ஒரே பிழை இருந்ததால், அது பிழையே இல்லை என்றாகிவிட்டது. அந்த எண் யாருடையது என்று தலைவருக்குத் தெரியாது. இரண்டு ரத்தமும் யாருடையவை என்று தெரிந்தவள் அவள் ஒருத்திதான். தெரிந்தும் உறைக்கவில்லை. அண்ணனைத் தானே கொன்றுவிட்டதாகத் தோன்றியது. இந்த நார்மலை வைத்து இன்னும் எத்தனை பேருக்கு ஒன்றுமில்லை என்று எழுதினார்களோ, அதை நினைக்க அவளுக்குத் தெம்பில்லை.

மதியம் வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். மூன்றாவது மாடி, லிஃப்ட் இல்லாத கட்டடம். நான்கு பேர் மூச்சிரைக்கத் தூக்கி வந்து கிடத்தினார்கள். அண்ணியிடம் சொல்லிவிட வேண்டும் என்று இரண்டு முறை வாயெடுத்தாள். இரண்டு முறையும் யாராவது வந்து அண்ணியின் கையைப் பிடித்துக்கொண்டார்கள்.

கீழே கேட் திறக்கும் சத்தம் கேட்டது. அண்ணனின் மகளைப் பள்ளியிலிருந்து அழைத்து வந்திருந்தார்கள். பன்னிரண்டு வயது. அப்பா, அப்பா என்று கத்திக்கொண்டு இரண்டிரண்டு படியாகத் தாவி வந்தாள்.

அத்தை வாசலுக்குப் பாய்ந்து படிக்கட்டின் கைப்பிடியில் குனிந்தாள்.

"ஓடாத கண்ணு. ஓடாத. மெதுவா ஏறு."

குழந்தை பாதிப் படியில் திகைத்து நின்றது. நெஞ்சு ஏறி இறங்கியது. பின்னாலேயே வாசலுக்கு வந்திருந்த அண்ணி மகளைப் பார்க்கவில்லை; நாத்தனாரின் முகத்தையே பார்த்தாள். பிறகு படியிறங்கிப் போய், மகளின் புத்தகப் பையைக் கழற்றித் தன் தோளில் மாட்டிக்கொண்டாள். இருவரும் ஒவ்வொரு படியாக ஏறி வந்தார்கள்.