ஏழாம் கட்டம்

அவசரப் பிரிவில் பதிவேடு எழுதுவது என் வேலை. எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவள் நான். வாங்கி, விஷம் குடித்து வருபவர்களில் யார் எதைக் குடித்தார்கள் என்று எழுதிக்கொண்டிருக்கிறேன். பதிவேட்டின் ஏழாம் கட்டத்தில் காரணம் போட வேண்டும்: தவறுதலாக, அல்லது வேண்டுமென்றே. தனியாக வசிக்கும் பெண் என்றால் யாரும் யோசிப்பதே இல்லை, இரண்டாவதுதான். நானும் அப்படி எழுதியிருக்கிறேன்.

அன்று மதியம் ஒரு துப்புரவுத் தொழிலாளியைக் கொண்டுவந்தார்கள். நாற்பது வயதிருக்கும். வாயும் தொண்டையும் வெந்து பேச்சு வரவில்லை. கூட வந்த சூப்பர்வைசர் அவளுக்கும் சேர்த்துப் பேசினான்.

"தரை கழுவுற மருந்தக் குடிச்சிருச்சும்மா. புருஷன் இல்ல, புள்ள இல்ல. மனசு வெறுத்துப் போச்சு போல."

"உங்ககிட்ட சொல்லிட்டா குடிச்சாங்க?"

"படிச்ச பொண்ணு வாயப் பாரு! வேணும்னே குடிச்சதுன்னு எழுதும்மா, எனக்கு வேலை கெடக்கு."

அவள் கட்டிலில் தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினாள். அவன் அந்தப் பக்கமே திரும்பவில்லை. அவன் சொன்னபடி எழுதினால் போதும், கம்பெனி நஷ்டஈடு எதுவும் தராமல் அவளை நாளைக்கே வேலையைவிட்டு வெளியே தள்ளிவிடும்.

அவள் பையில் இருப்பதைக் குறித்துவைப்பதும் என் வேலைதான். பாதி சாப்பிட்ட சாப்பாட்டு டப்பா இருந்தது. பக்கத்தில் ஒரு தண்ணீர் பாட்டில். உள்ளே தண்ணீர் மாதிரியே மருந்து.

"சாகப் போறவங்க பாதிச் சாப்பாட்டுலயா குடிப்பாங்க? தண்ணி பாட்டில்ல இத யாரு ஊத்துனது?"

"நாந்தான். எல்லாருக்கும் காலி பாட்டில்லதான் பிரிச்சுக் குடுப்பேன். எத்தன வருஷமா..." நிறுத்திக்கொண்டான்.

நர்ஸ் அக்கா ஊசியை வைத்துவிட்டுச் சிரித்தாள். "அவர் வாயாலயே வந்திருச்சு. எழுதுடி."

எழுதினேன்: தவறுதலாக, பணியிடத்தில் தண்ணீர் பாட்டிலில் ஊற்றித் தந்த மருந்து. டாக்டர் டப்பாவையும் பாட்டிலையும் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். திரும்பிப் பார்த்தால் சூப்பர்வைசரைக் காணோம்.

அடுத்தது, தகவல் சொல்ல வேண்டியவர் பெயர்.

"யாருக்காவது போன் பண்ணட்டுமாக்கா?"

கட்டிலில் கிடந்தவள் வெகுநேரம் யோசித்தாள். பிறகு கையை விரித்தாள். அந்தக் கட்டத்தில் கோடு போட்டேன். நான் தங்கும் விடுதியில் சேர்ந்த அன்று என் படிவத்திலும் அங்கே கோடுதான் போட்டிருந்தேன்.

சாயங்காலம் அறைக்கு வந்தேன். குளியலறை கழுவும் மருந்து என் ஜன்னலோரத்திலும் தண்ணீர் பாட்டிலில்தான் இருந்தது. 'விஷம்' என்று பெரிதாக எழுதி ஒட்டினேன். படிக்க என்னைத் தவிர அங்கே யாரும் இல்லை.