வேப்பிலை வீடியோ

ஞானையா வாயைத் திறக்க மறுத்துவிட்டார். பல் டாக்டர் ஹில்டாவின் கையிலிருந்த சிரிஞ்ச் அப்படியே அந்தரத்தில் நின்றது.

"பிளீச்சிங் பவுடர் வாசனை அடிக்குதே மேடம்! இதையா பல்லுக்குள்ள ஊத்தப் போறீங்க?"

"ஆமா அங்கிள். ரூட் கேனால்ல வேரோட உள்பக்கத்தைக் கழுவுற மருந்து இது, ஹைப்போகுளோரைட். கிருமி சாகணும்ல?"

"அதுக்கு வேப்பிலைச் சாறு போதும்னு நீங்களே சொல்லியிருக்கீங்களே!"

ரயில்வே கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். அவர் நீட்டிய போனில், பழைய வீடியோ ஒன்றில் மேற்படிப்பு மாணவியாக ஹில்டா மேடையில் நின்று பேசிக்கொண்டிருந்தாள். 'வேப்பிலைச் சாறும் கிருமிகளை நல்லாவே கொல்லுது.' அத்தோடு வீடியோ முடிந்தது. கீழே யாரோ 'கெமிக்கலுக்கு குட்பை' என்று எழுதியிருந்தார்கள்.

ஹில்டாவுக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. பிடுங்கிய பற்களில் கிருமியை வளர்த்து, வேப்பிலைச் சாறு, ஹைப்போகுளோரைட் இரண்டையும் ஊற்றி ஒப்பிட்டுப் பார்த்தவளே அவள்தான். கிருமியைக் கொல்வதில் வேம்பு ரொம்பப் பின்தங்கவில்லை. ஆனால் பல்லுக்குள் செத்துக் கிடக்கும் சதையை அதனால் கரைக்க முடியவில்லை. சதை மிஞ்சினால் கிருமி மறுபடியும் குடியேறிவிடும். அடுத்த வாக்கியத்திலேயே இதையும் சொல்லியிருந்தாள். எவனோ அதைக் கத்தரித்துவிட்டான்.

எவ்வளவோ விளக்கினாள். எடுபடவில்லை. "யோசிச்சுட்டு வரேன்" என்று, ஏற்கெனவே துளைத்திருந்த பல்லைத் தற்காலிகமாக அடைக்கச் சொல்லிவிட்டு ஞானையா கீழ்க்கட்டளை மெயின் ரோட்டில் இறங்கிப் போய்விட்டார்.

அடுத்த வாரம் கன்னம் வீங்கிப்போய் வந்தார். கையில் ஒரு பாட்டில் நிறைய வேப்பிலைக் கஷாயம்.

"வீட்ல காய்ச்சினது. இதை ஊத்திக் கழுவுங்க மேடம். வலி தாங்கல, ராத்திரியெல்லாம் தூக்கமே இல்ல."

இவரோடு இனி வாயால் பேசிப் பயனில்லை. ஹில்டா மரத்துப்போக ஊசி போட்டு, அடைப்பைத் திறந்து சீழை வடியவிட்டாள். வேருக்குள் ஒட்டியிருந்த சதை நாரை மெல்லிய கம்பியால் இழுத்தெடுத்தாள். அதை இரண்டாக நறுக்கி இரண்டு கிண்ணத்தில் போட்டு, ஒன்றில் அவருடைய கஷாயத்தையும் மற்றதில் தன் மருந்தையும் ஊற்றி அவர் மடியருகே வைத்தாள்.

"உங்க சதைதான். நீங்களே பாருங்க."

மருந்தில் கிடந்த நார் நுரைத்தது, மெலிந்தது, கொஞ்ச நேரத்தில் காணாமலே போனது. கஷாயத்தில் கிடந்தது போட்டது போட்டபடி கிடந்தது.

ஞானையா குனிந்து குனிந்து பார்த்தார். "இதை அன்னைக்கே மேடையில சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னேன் அங்கிள்!" வெளியே காத்திருந்தவர்கள் திரும்பிப் பார்க்கும்படி ஹில்டா கத்திவிட்டாள். "இதையும்தான் சொன்னேன்!"

அவர் சாய்ந்து வாயைத் திறந்தார். மருந்து தொண்டைக்குப் போகாமலிருக்க ரப்பர் விரிப்பை மாட்டி, வேர் வேராக நிதானமாகக் கழுவினாள். முடித்ததும் சொல்ல நாலு வார்த்தை மனதுக்குள் சேர்த்து வைத்திருந்தாள்.

விரிப்பைக் கழற்றியபோது அவர் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். ஹில்டா அந்த நாலு வார்த்தையையும் விழுங்கிக்கொண்டு, விளக்கைத் தள்ளி வைத்தாள்.