ஜூன் முதல் வாரம்

ராய்ஸின் வாயிலிருந்து ஒரே ஒரு வாக்கியம் வரவேண்டும் என்பதுதான் டார்லீனுக்கு வேண்டியிருந்தது. "நான் எடுத்த மாசம் தப்பு." அவ்வளவுதான். அதையும் குடும்பம் மொத்தமும் கேட்கும்படி சொல்ல வேண்டும். காதோடு காதாக வந்து சொல்லும் சமாதானமெல்லாம் அவளுக்கு வேண்டாம்.

ராய்ஸ் அவள் கணவன் மெர்லுக்கு அண்ணன். கான்சாஸில் வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சும் இயந்திரங்கள் விற்கிறவன். ஊருக்கெல்லாம் தண்ணீரைப் பற்றிப் பாடம் எடுப்பவன். போன வருடம் ஜூலையில் குடும்பத்தையே யூட்டாவின் செம்பாறைப் பள்ளத்தாக்குக்கு இழுத்துக்கொண்டு போனவனும் அவன்தான். அங்கே ஏப்ரலில் போகலாம், அக்டோபரில் போகலாம். ஜூலையில் பல்லிகூட வெளியே வராது. "கூட்டம் இருக்காது, படத்துல பாறை நல்லாச் சிவக்கும்" என்றான். நூற்றிப் பத்து டிகிரி வெயிலில் மெர்ல் சுருண்டு விழுந்தான். ஹெலிகாப்டர் வந்தபோது உயிர் இல்லை.

அதைக்கூட விதி என்று விட்டிருப்பாள். சாவுக்கு வந்தவர்கள் மத்தியில் ராய்ஸ் உருளைக்கிழங்கு சாலட்டைத் தட்டில் அள்ளிக்கொண்டே சொன்னான்: "மெர்ல் எப்பவும் அப்படித்தான். தண்ணி குடின்னா குடிக்க மாட்டான். பிடிவாதம்." எல்லாரும் தலையாட்டினார்கள். செத்தவன் எழுந்து வந்து மறுத்துப் பேசவா போகிறான்? அன்றைக்கு டார்லீனின் வயிற்றில் பற்றியது இன்னும் அணையவில்லை.

அந்தக் குடும்பத்தில் ஒரு சட்டம் உண்டு. ராய்ஸின் அப்பா மான் வேட்டைக்குப் போகும் கூடாரத்தில், சமையலைக் குறை சொன்னவன் மறுநாளிலிருந்து சமைக்க வேண்டும். அதனால் கரிந்த பீன்ஸைத் தின்றுவிட்டும் எல்லாரும் ஆகா என்பார்கள். பிள்ளைகள் வளர்ந்து, ஆளுக்கொரு குடும்பமாகி, வருடத்துக்கு ஒரு வீடு பயண இடத்தையும் மாதத்தையும் தேர்ந்தெடுப்பது என்று ஆனபோது, ராய்ஸ் அந்தச் சட்டத்தை இங்கேயும் கொண்டுவந்தான். போன இடத்தில் குறை சொல்கிறவர் தன் முறையை இழப்பார். கையோடு கொண்டுவந்ததைப் பயன்படுத்தலாம். வந்த பிறகு எதையாவது கேட்டாலோ, அடுத்தவரிடம் வாங்கினாலோ, அது குறை. வெளியே இருக்க வேண்டிய நேரத்தில் உள்ளே போய் உட்கார்ந்தாலும் குறை. இதற்கெல்லாம் தீர்ப்பு சொல்வதும் ராய்ஸ்தான்.

யூட்டாவில் வண்டிகள் நின்ற இடத்துக்குக் கொஞ்சம் தள்ளித்தான் உட்கார்ந்திருந்தார்கள். கையிலிருந்த பாட்டில்கள் காலியாகிவிட்டன. மெர்ல் கேட்டான்: "ராய்ஸ், வண்டியில ஏசியப் போட்டு ஒரு பத்து நிமிஷம் உக்காந்துட்டு வரட்டா?" ராய்ஸ் கையைத் தட்டினான். "பாத்துக்கோங்க, ஒரு குறை விழுந்துடுச்சு. இந்தத் தடவை விடறேன், இன்னொண்ணு சொன்னா அடுத்த வருஷம் உன் முறை காலி, தம்பி." எல்லாரும் சிரித்தார்கள். டார்லீனும் சிரித்தாள். அதை நினைத்தால் தன் கன்னத்திலேயே அறைந்துகொள்ளலாம் போலிருக்கும்.

மெர்ல் அடுத்த வருடத்துக்காகக் காத்துக்கொண்டிருந்தான். மெய்ன் மாநிலத்து ஏரிக்கரை, செப்டம்பர் கடைசி, இலைகள் சிவக்கிற வாரம். பிறந்ததிலிருந்து கோதுமை வயலையே பார்த்த கண்ணுக்கு அது ஒரு ஆசை. அதை இழக்க மனம் வராமல் வாயை மூடிக்கொண்டான். "நல்லாத்தான் இருக்கேன்" என்று டார்லீனிடம் சொன்னான். அதுதான் கடைசி.

இந்த வருடம் அந்த முறை அவளுக்கு வந்தது.

"மெய்ன்தான். மெர்ல் ஆசைப்பட்ட ஏரி. ஆனா ஜூன் முதல் வாரம்" என்று அறிவித்தாள்.

ராய்ஸுக்கு வாயெல்லாம் பல். "இதுதான் மூளை, டார். இலை உதிர்ற காலத்துல நாட்டுல பாதிப் பேர் அங்கதான் கெடப்பாங்க. ஜூன்ல ஏரியே நமக்குத்தான். மீனும் நல்லா எடுக்கும். உன் புருஷனுக்கு இந்த யோசனை வந்திருக்காது பாரு."

"வந்திருக்காது" என்றாள் டார்லீன். மெர்லுக்கு இப்படி ஒரு யோசனை ஏழு பிறவியிலும் வந்திருக்காது. அவன் நல்லவன்.

மரவீடுகளை வாடகைக்கு விடும் பெண்மணி தொலைபேசியில் இரண்டு முறை கேட்டாள். "ஜூன் முதல் வாரமா? நல்லா யோசிச்சுத்தான் சொல்றீங்களா? ஈ பத்தித் தெரியுமில்ல?"

"நல்லாத் தெரியும்" என்றாள் டார்லீன். "அதுக்குத்தான் வர்றோம்."

பனி உருகி ஓடைகளெல்லாம் நிறைந்து ஓடும் காலத்தில் அந்தக் காட்டில் கறுப்பு ஈ பிறக்கும். எள் அளவுதான் இருக்கும். கொசு குத்தும், இது கடிக்கும். தோலைக் கிள்ளி எடுத்துவிட்டு ரத்தத்தை நக்கும். காதுக்குப் பின்னால், பிடரியில், சட்டைக் காலருக்குள், கண் இமையில் என்று இடம் பார்த்து உட்காரும். ஜூலை வந்தால் ஓய்ந்துவிடும். மெய்ன்காரர்கள் அந்தச் சில வாரங்கள் தலைக்கு வலை போடாமல் தோட்டத்துக்குக்கூட இறங்க மாட்டார்கள். தெரியாத வெளியூர்க்காரன்தான் நீல ஏரியின் படத்தைப் பார்த்துவிட்டு மீன் தூண்டிலோடு வந்து நிற்பான்.

டார்லீன் மெர்லுடைய தங்கை ட்ரூடியிடம் மட்டும் விஷயத்தைச் சொன்னாள். ட்ரூடி, "நான் ராய்ஸ் பொண்டாட்டி பெவர்லிகிட்ட சொல்லி அவளுக்கும் ஒரு வலை வாங்கிடறேன். அவ பாவம்" என்றாள். ராய்ஸுக்கு வாங்குவதைப் பற்றி அவளும் பேசவில்லை.

முதல் நாள் காலையில் பெண்கள் மூவரும் தலையில் வலையோடு வெளியே வந்ததைப் பார்த்து ராய்ஸ் விழுந்து விழுந்து சிரித்தான். "என்ன, மூணு பேருக்கும் இன்னிக்குக் கல்யாணமா? மாப்பிள்ளைங்க எங்க?" கருநீலச் சட்டையை மாட்டிக்கொண்டு, தூண்டிலைத் தோளில் போட்டுக்கொண்டு, ஏரிக்குள் நீண்டிருந்த மரப்பலகை மேடைக்குப் போனான். கறுப்பு ஈக்குக் கருநீலம் என்றால் விருந்துக்கு அழைப்பு. அன்று ஈயை விரட்டக் காற்றும் இல்லை.

சற்று நேரத்தில் அவன் கை தூண்டிலில் இல்லை. பிடரியில் ஒரு அடி, காதில் ஒரு அடி, நெற்றியில் ஒரு அடி என்று தன்னைத்தானே அடித்துக்கொண்டிருந்தான்.

"என்ன ராய்ஸ், ஆடறியா?" என்று கரையிலிருந்து ட்ரூடி கேட்டாள்.

"மீன் சுறுசுறுப்பா இருக்கு" என்றான்.

மதியம் திரும்பி வந்தபோது இரண்டு காதுகளுக்குப் பின்னாலும் ரத்தம் வழிந்து காய்ந்திருந்தது. பெவர்லி பதறிப்போய்த் தன் வலையைக் கழற்றினாள். "இதப் போட்டுக்கோ. நான் உள்ள இருந்துக்கறேன்."

ராய்ஸ் வலையைப் பார்த்தான். பிறகு டார்லீனைப் பார்த்தான். அவள் மேசையில் ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள்.

"உள்ள போறதும் குறைதானே ராய்ஸ்?" என்றாள், நிமிராமலே. "அடுத்தவங்ககிட்ட வாங்கறதும் குறைன்னு நீதானே சொன்ன? சட்டம் மாறிடுச்சுன்னா சொல்லு, எல்லாரும் தெரிஞ்சுக்கறோம்."

"யாரு குறை சொன்னா?" என்றான் ராய்ஸ். "அருமையான இடம். நல்ல காத்து."

இரண்டாம் நாள் அவன் இடது கண் மூடிக்கொண்டது. நெற்றி வீங்கிப் புருவத்தின் மேல் தொங்கியது. அப்படியே ஒற்றைக் கண்ணோடு காட்டுப் பாதையில் எல்லாருக்கும் முன்னால் நடந்தான். டார்லீன் வேண்டுமென்றே ஓடை ஓரப் பாதையாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்திருந்தாள். ஈயின் பிறந்த வீடே அதுதான். நடுவில் ஒரு மரத்தடியில் நின்று, "இங்க கொஞ்சம் இயற்கைய ரசிப்போமா?" என்று எல்லாரையும் நிறுத்தினாள். ராய்ஸ் ரசித்தான். ரசிக்கும்போது அவன் உதடு துடித்தது.

டார்லீனுக்கு இனித்தது. அதை மறைக்க வேண்டியதில்லை, உண்மையாகவே இனித்தது. ஒரு வருடமாகச் சாப்பாடு ருசிக்காமல் இருந்தவள் அன்று இரண்டாம் முறை பரிமாறிக்கொண்டாள். பெவர்லி மட்டும் பாத்திரம் கழுவும் இடத்தில் அவள் கையைப் பிடித்தாள்.

"போதும் டார்லீன். அவனுக்கு நல்லா உறைச்சிருக்கும்."

"உறைச்சா வாயத் தொறக்கட்டும். ஒரு வார்த்தைதான் பெவர்லி. நான் வேற என்ன கேக்கறேன்?"

"அவன் சொல்ல மாட்டான். செத்தாலும் சொல்ல மாட்டான், உனக்கே தெரியும்."

"இன்னொருத்தனும் அப்படித்தான் சொல்லாம செத்தான்" என்றாள் டார்லீன். பெவர்லி கையை விட்டுவிட்டாள்.

மூன்றாம் நாள் மதியம் கரையில் அடுப்பு மூட்டி, பிடித்த மீனை மாவில் புரட்டிப் பொரித்தார்கள். ராய்ஸ் சாப்பாட்டைத் தொடவில்லை. கழுத்தில் எலுமிச்சம்பழம் அளவுக்கு நெறி கட்டியிருந்தது. நல்ல வெயிலில் அவனுக்குக் குளிர்நடுக்கம். தட்டு கையிலிருந்து நழுவி மண்ணில் விழுந்தது. அதை எடுக்கக் குனிந்தவன் நிமிர முடியாமல் முழங்கால் போட்டு அப்படியே இருந்தான். திறந்திருந்த காயங்களில் ஈக்கள் வந்து உட்கார்ந்தன. ஓட்டக்கூட அவன் கை எழவில்லை.

"ராய்ஸ்" என்று ஓடினாள் பெவர்லி.

அவன் தலையை ஆட்டினான். "நல்லாத்தான் இருக்கேன்."

டார்லீன் கையிலிருந்த கரண்டியை அடுப்பருகே வைத்தாள். அதே வார்த்தை. அதே குடும்பத்துக் குரல்கூட. அண்ணன் தம்பி இருவருக்கும் ஒரே தொண்டை. ஒரு நிமிடம் அவளுக்கு, இவன் இப்படியே விழட்டும், நான் இந்த மீனைத் தின்று முடிக்கிறேன் என்றுதான் தோன்றியது. பிறகு சாவுக்கு வந்து நானும் உருளைக்கிழங்கு சாலட்டை அள்ளிக்கொண்டு, பிடிவாதக்காரன், வலை போட மாட்டான் என்று சொல்லலாம். சொன்னால் எல்லாரும் தலையாட்டுவார்கள்.

அந்தத் தலையாட்டல் அவளுக்கு வேண்டாம். அவளுக்கு வேண்டியது வார்த்தை. செத்தவன் வாயிலிருந்து வார்த்தை வராது என்பதை அவளை விட நன்றாகத் தெரிந்தவர்கள் யார்?

அவன் எதிரில் போய் மண்ணில் உட்கார்ந்தாள். "ராய்ஸ், என்னப் பாரு. இடம் எப்படி?"

"நல்லா… இருக்கு."

"மாசம்?"

அவனுடைய ஒற்றைக் கண்ணில் நீர் கட்டியிருந்தது. அது வீக்கத்தாலா வேறெதனாலா என்று அவளுக்குத் தெரியவில்லை, தெரிந்துகொள்ளவும் விருப்பமில்லை.

"மாசம் எப்படி ராய்ஸ்?"

"தப்பு" என்றான்.

"யாருக்கும் கேக்கல."

"தப்பான மாசம், டார்." பல் கிட்டியபடி, ஆனாலும் உரக்கவே சொன்னான். "ஜூன் தப்பு." மூச்சு வாங்கினான். அவள் அடுத்ததைக் கேட்க வாயெடுப்பதற்குள் அவனே சொன்னான். "ஜூலையும் தப்பு. நான்தான் எடுத்தேன். அவன் கேட்டான்… வண்டியில உக்காரணும்னு வாயத் தொறந்து கேட்டான். நான் கை தட்டினேன்."

ட்ரூடி அழுதாள். பெவர்லி தன் கணவனைப் பார்க்காமல் ஏரியைப் பார்த்தாள். சாவுக்குக் கூட்டம் கூட்டமாக வந்தவர்களிடம் அந்தப் பிடிவாதக் கதையை அவளும்தான் சொல்லியிருந்தாள்.

டார்லீன் தன் தோள்பையைத் திறந்தாள். வீக்கத்துக்கு மாத்திரை, கடிக்குப் பூசும் மருந்து, மடிப்புக் கலையாத புது வலை ஒன்று, தண்ணீர் பாட்டில் ஒன்று. வரிசையாக எடுத்து அவன் முன்னால் வைத்தாள்.

ராய்ஸ் அவற்றையே பார்த்தான். "இது… எப்பலேர்ந்து பையில இருக்கு?"

"மொத நாள்லேர்ந்து. கேட்டிருந்தா அப்பவே குடுத்திருப்பேன்." பாட்டிலின் மூடியைத் திறந்து அவன் கையில் வைத்து, நடுங்காமல் இருக்கத் தன் கையையும் சேர்த்துப் பிடித்தாள். "அன்னிக்கு உன் வண்டிப் பெட்டியில ஐஸ் தண்ணி நெறைய இருந்துச்சு ராய்ஸ். ஹெலிகாப்டர்ல வந்தவங்களுக்கு நீ எடுத்துக் குடுத்ததப் பார்த்தேன்."

அவன் குடித்தான். பாதி தாடையில் வழிந்தது.

"உன் முறை போச்சு" என்றாள். "அடுத்து உனக்கு வர்றத நான் எடுத்துக்கறேன். இதே ஏரி, செப்டம்பர் கடைசி. நீயும் வர்ற. அவன் பாக்க நெனச்சத நீ உக்காந்து பாக்கணும், வாயத் தொறக்காம."

டாக்டரிடம் கூட்டிப்போக ட்ரூடி வண்டியை எடுக்கப் போனாள். டார்லீன் வலையைப் பிரித்து அவன் தலைக்கு மேலாகப் போட்டு, கழுத்தில் கயிற்றை இழுத்து முடிச்சுப் போட்டாள். கொஞ்சம் பலமாகவே இழுத்தாள்.

"இறுக்குதா?"

வழக்கம்போல் தலையாட்டப் போனவன் நிறுத்திக்கொண்டான்.

"இறுக்குது" என்றான் ராய்ஸ்.

அவள் கயிற்றை ஒரு கணம் அப்படியே பிடித்திருந்தாள். பிறகு தளர்த்திவிட்டாள்.