தலைவியின் முழங்கால்

"கழட்டுடி அதை."

தோமோயே குரலை உயர்த்தவில்லை. அந்த வீட்டில் அவள் குரல் தணிந்தால்தான் பயப்பட வேண்டும். மகள் கோஹரு வாசற்படியில் ஒரு காலில் ஷூவோடு அப்படியே நின்றாள். பள்ளிக்கூடப் பாவாடைக்குக் கீழே, வெள்ளை சாக்ஸுக்கு உள்ளே, கறுப்பாக ஒரு முழுநீளக் காலுறை எட்டிப் பார்த்தது.

"வெளியில பாரும்மா. ராத்திரி பூரா கொட்டியிருக்கு."

"பனி பெய்யாம வேற என்ன பெய்யும்? இது நீகாத்தா, பனிக்குப் பேர்போன ஊரு. பொம்பளப் பிள்ளைங்க வெள்ளை சாக்ஸ், வெறும் கால். அதுதான் அந்தப் பள்ளிக்கூடத்துக்கு அழகு. நாங்க எல்லாம் போகலயா?"

இந்த வீர வசனத்தைச் சொன்னபோது தோமோயேயின் கால்கள் இரண்டும் கணப்பு வைத்த தாழ்மேசைக்கு அடியில், மெத்தை போர்த்திய கதகதப்பில், சுகமாக நீட்டிக்கிடந்தன. எதிரே கணவர் ஷூசாகுவும் அதே மேசைக்குள் காலை விட்டுக்கொண்டு சூப்பு குடித்துக்கொண்டிருந்தார். குளிரைத் தாங்கச் சொல்லும் உபதேசம் எப்போதும் கணப்புக்குப் பக்கத்திலிருந்துதான் வருகிறது.

கோஹருவுக்கு அது வெறும் காலுறைச் சண்டை இல்லை. போன குளிர்காலத்தில் அவள் கால்விரல்கள் கத்தரிக்காய் நிறத்தில் வீங்கி, இரவெல்லாம் அரிப்பில் தூக்கமில்லாமல் கிடந்தாள். இந்த வருஷம் மாணவிகள் எல்லோரும் சேர்ந்து தலைமையாசிரியரிடம் போய் முறையிட்டார்கள். அவர் கெட்டிக்காரர், மாட்டேன் என்று சொல்லவில்லை. பெற்றோர் சங்கம் ஒப்புக்கொண்டால் எனக்கு ஆட்சேபணை இல்லை என்று பந்தைத் தட்டிவிட்டார். சங்கம் சனிக்கிழமை கூடுகிறது. சங்கத் தலைவி தோமோயே. அவள் வேண்டாம் என்றால் அதோடு முடிந்தது, இன்னும் ஒரு குளிர்காலம் வீங்கிய காலோடுதான்.

"சரிம்மா," என்றாள் கோஹரு, காலுறையை உருவிப் போட்டுவிட்டு. "நீ தாங்கினேல்ல, இன்னைக்கு ஒரு நாள் எங்கூட வா. என்னோட இன்னொரு பாவாடைய மாட்டிக்கிட்டு, வெறும் காலோட, பள்ளிக்கூட வாசல் வரைக்கும். வந்துட்டு, சனிக்கிழமை என்ன வேணா சொல்லு. நான் வாயே திறக்க மாட்டேன்."

ஷூசாகு நிமிர்ந்து பார்த்தார். "வேண்டாம் தோமோயே. உனக்குக் குளிர் ஒத்துக்காது."

அவர் வாயை மூடிக்கொண்டிருந்தால் இந்தக் கதையே இல்லை. தோமோயே விருட்டென்று எழுந்தாள்.

பாவாடையின் கொக்கி இடுப்பில் நாலு விரல் தள்ளி நின்றது. ஊக்கு போட்டுச் சமாளித்தார்கள். ஷூசாகுவுக்குச் சிரிப்பில் சூப்பு மூக்கில் ஏறிவிட்டது.

"சிரிங்க, சிரிங்க. திரும்பி வந்து உங்களைப் பார்த்துக்கிறேன்."

முதல் தெருவில் தோமோயே நிமிர்ந்துதான் நடந்தாள். எதிர்ப்பட்டவர்களுக்குத் தலை தாழ்த்தி வணக்கம்கூடச் சொன்னாள். பெரிய சாலைக்கு வந்ததும்தான் வினை. பனியைக் கரைக்கச் சாலை நடுவில் பதித்த குழாய்கள் தண்ணீரைப் பீய்ச்சிக்கொண்டிருந்தன. ஒரு வேன் வேகமாகப் போக, பனிக்கூழும் தண்ணீருமாக அவள் முழங்காலில் சப்பென்று அறைந்தது.

"அய்யய்யோ!"

"தினம் ரெண்டு தடவை விழும்மா. போறப்ப ஒண்ணு, வர்றப்ப ஒண்ணு."

தோமோயே பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தாள். தோஃபு கடை முனை வந்ததும் அவள் கால் தானாக நின்றது. கடைக்குப் பின்னால் இருந்த குறுகிய சந்துப் பக்கமே பார்த்தாள்.

"இங்கதான் நாங்க..." என்று ஆரம்பித்துச் சட்டென்று வாயை மூடினாள்.

"இங்கதான் என்ன?"

"ஒண்ணுமில்ல, நட."

"அம்மா!"

"பாவாடைக்கு உள்ள கம்பளிக் கால்சட்டை போட்டிருப்போம்," என்றாள் தோமோயே பனியைப் பார்த்துக்கொண்டு. "இந்தச் சந்துக்குள்ள நின்னு கழட்டிப் பைக்குள்ள திணிச்சுட்டுத்தான் பள்ளிக்கூடம் போவோம். எல்லாப் பொண்ணுங்களும்."

"இத்தனை வருஷமா 'நாங்க எல்லாம் போகலயா'ன்னு..."

"மறந்தே போச்சுடி. சத்தியமா மறந்து போச்சு."

கோஹரு சிரித்த சிரிப்பில் தோஃபு கடைக்காரர் வெளியே வந்து பார்த்தார். கொஞ்ச நேரத்தில் தோமோயேயும் சிரித்துவிட்டாள்.

பள்ளி வாசலுக்கு முன்னால் கோட்டையும் கழட்டிக் கையில் போட்டுக்கொண்டு, கட்டடத்தைப் பார்த்துக் குனிந்து வணங்கிவிட்டு உள்ளே போக வேண்டும் என்பது அந்தப் பள்ளி விதி. தோமோயேயும் அப்படியே செய்தாள். உள்ளே மாணவிகள் வரிசையாக நின்று நடுங்கிக்கொண்டிருந்தார்கள். ஒழுங்கு வாத்தியார் கோந்தோ, பஞ்சு வைத்த கோட்டும் முழங்கால் வரை ரப்பர் பூட்ஸுமாக, அளவுகோலை வைத்து ஒவ்வொரு பாவாடையின் விளிம்பும் முழங்காலில் சரியாக எங்கே நிற்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார். கண்டிப்பானவர், கெட்டவர் இல்லை. முப்பது வருஷமாக யாரும் அவரை எதுவும் கேட்டதில்லை, அவ்வளவுதான்.

தலைவியை அந்தக் கோலத்தில் கண்டதும் அவர் பதறி ஓடிவந்தார். தன் கோட்டைக் கழட்டி அவள்மேல் போர்த்தினார்.

"என்னம்மா இது! ஜுரம் வந்துடும்! உள்ள வாங்க, அடுப்புப் பக்கத்துல உட்காருங்க. சூடா டீ போடச் சொல்றேன்."

"இவங்களுக்கு?" என்று தோமோயே வரிசையைக் காட்டினாள்.

"அவங்க சின்னப் பிள்ளைங்க, தாங்குவாங்க."

தோமோயே கோட்டை மடித்து அவர் கையிலேயே கொடுத்தாள். போய் வரிசையின் கடைசியில் நின்றாள். வரிசையில் கிசுகிசுப்பு, அப்புறம் அடக்கிய சிரிப்பு. கோந்தோ கோட்டை மறுபடி மாட்டிக்கொண்டு, ஒவ்வொருவராக அளந்துகொண்டு வந்து கடைசியில் அவளுக்கு முன்னால் நின்றார்.

"ம், அளங்க சார்."

அவர் முகம் செக்கச் சிவந்துவிட்டது. "என்னம்மா நீங்க! ஒரு பொம்பள முழங்கால்ல நான் எப்படி அளவுகோலை வெச்சு... அது மரியாதையா இருக்குமா?"

கிசுகிசுப்பு நின்றது. சிரிப்பும் நின்றது. அத்தனை பெண்களும் அவரையே பார்த்தார்கள். அளந்து முடித்திருந்த அத்தனை முழங்கால்களும் அவர் எதிரிலேயே சிவந்து நின்றன. தான் சொன்னது தன் காதிலேயே விழ, கோந்தோ அளவுகோலைப் பார்த்தார். பிறகு மெதுவாக அதைக் கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

மணி அடித்தது. பெண்கள் உள்ளே ஓடினார்கள். கோஹரு மட்டும் திரும்பிப் பார்த்தாள்.

"சனிக்கிழமை என்னம்மா சொல்லப் போறே?"

"சனிக்கிழமை கிடக்கு," என்றாள் தோமோயே, பற்கள் தந்தியடிக்க. "என்னோட கம்பளிக் கால்சட்டை அலமாரி அடித்தட்டுல இருக்கு. நாளைக்கு அதைப் போட்டுட்டு வா. தோஃபு கடை முனையில கழட்டாதே."