ஓட்டை கல்லில் இல்லை

அந்த ஆய்வகத்தில் கல் அறுக்கும் அக்காவுக்குத் தலைக்கனம் உண்டு என்பது ஊருக்கே தெரியும். ஏன் இருக்கக் கூடாது? பாறையைத் தலைமுடியைவிட மெல்லிசாக இழைத்து, கண்ணாடியில் ஒட்டி, அதற்குள் வெளிச்சம் பாய வைப்பவள் அவள். இருபது வருடத்தில் அவள் கொடுத்த தகட்டைக் குறை சொல்லித் திருப்பியவர் கிடையாது.

இந்த வருடம் அவள் அறுத்ததெல்லாம் சொந்தத் தங்கைக்காக. தங்கை அதே கட்டடத்தின் மாடியில் ஆராய்ச்சி செய்கிறாள். அவள் ஆராய்வது பெக்மடைட், அதாவது கிரானைட் குழம்பின் கடைசி மிச்சம் பெரிய படிகங்களாக உறைந்த பாறை. அதில் பெரிலியம் என்ற உலோகம் அடங்கிய பச்சைப் பெரில் படிகங்கள். பூமிக்குள் பிறகு வந்த வெந்நீர் அந்தப் பெரிலை அரித்திருந்தது. நாற்பது தகட்டிலும் பெரிலின் ஓரம் ஓட்டை ஓட்டையாகத் தெரிந்தது. வெந்நீர் பெரிலியத்தைக் கரைத்து மொத்தமாக வெளியே கொண்டுபோய்விட்டது என்று தங்கை கட்டுரையை எழுதி முடித்துவிட்டாள். வெள்ளிக்கிழமை அனுப்ப வேண்டும்.

புதன்கிழமை காலை, அறுத்து மிஞ்சிய கல் ஒன்று அக்காவின் கைதவறி விழுந்து இரண்டாகப் பிளந்தது. உள்ளே ஓட்டையைக் காணோம். ஓட்டை இருக்க வேண்டிய இடத்தில் மாவை அமுக்கி அடைத்த மாதிரி வெள்ளைப் பொடி. ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டாள். பொடி ஊறி உதிர்ந்து ஓடியது. அவளுடைய ரம்பமோ தண்ணீரைப் பீய்ச்சிக்கொண்டேதான் அறுக்கும்.

வாயை மூடிக்கொண்டால் ஈ காக்கைக்குத் தெரியாது. சொன்னால் தங்கையின் கட்டுரையும் போச்சு, இருபது வருடப் பேரும் போச்சு.

ஆனாலும் கை சும்மா இருக்கவில்லை. இன்னொரு கல்லை எடுத்து, பொடி உதிராதபடி உள்ளே இருந்த காற்றை உறிஞ்சிவிட்டுப் பசையில் ஊறப்போட்டாள். பசை இறுகியதும், மறுநாள் தண்ணீருக்குப் பதில் எண்ணெய் விட்டு அறுத்து இழைத்து, நேரே மாடிக்குப் போனாள்.

தங்கை நுண்ணோக்கியில் குனிந்தாள். "என்னக்கா இது? ஓட்டை எங்கே?"

"ஓட்டை கல்லுல இல்லடி. நான் போட்டது. உள்ளே இருந்ததை நாற்பது தடவையும் கழுவி விட்டுட்டேன்."

"நாளைக்கு அனுப்பணும், இன்னிக்கு வந்து சொல்றியே!" என்று தங்கை சீறினாள். பிறகு தகட்டை மெல்லத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். மதியம் எக்ஸ்ரே சோதனையில் அந்தப் பொடி என்னவென்று தெரிந்தது. பொடியில் களிமண்ணோடு இருந்தது பெர்ட்ரண்டைட், அதுவும் பெரிலியக் கனிமம். வெந்நீர் பெரிலை உடைத்திருக்கிறது. பெரிலியத்தில் பெரும்பகுதியை அந்த இடத்திலேயே வேறு உருவில் குடிவைத்துவிட்டது.

"அக்கா, கட்டுரையே தலைகீழா மாறுது. ஆனா முன்னைவிட நல்லா இருக்கு." தங்கை தயங்கினாள். "பழைய தகடு பழுதுன்னு எழுதித்தான் ஆகணும். யார் அறுத்ததுன்னு போட வேண்டாம்."

அக்காவுக்குச் சுருக்கென்றது. "ஏன் போட வேண்டாம்? கெடுத்தவளும் நான், கண்டுபிடிச்சவளும் நான். ரெண்டு இடத்துலயும் என் பேரைப் போடு."

வெள்ளிக்கிழமை கட்டுரை போகவில்லை. நாற்பது கல்லையும் புதிதாக அறுத்து, மூன்று மாதம் கழித்துத்தான் போனது. அச்சாகி வந்த அன்று அக்கா ஆய்வகத்தில் எல்லோரையும் கூட்டி நிறுத்தி, தன் பெயர் வந்த இரண்டு வரிகளையும் வாசித்தாள். பிழையைச் சொன்ன வரியைத்தான் உரக்க வாசித்தாள்.