முத்தங்களை விட்டுப் படித்த கதை

அக்காவுக்குக் கை ஓயாது. தங்கைக்கு வாய் திறக்காது. இந்த இரண்டு பேருக்கும் நடுவில் தினமும் ஒரு குதிரைப் பண்ணையே ஓடிக்கொண்டிருந்தது என்றால் அந்தத் தெருவில் ஒருத்தரும் நம்பியிருக்க மாட்டார்கள்.

இஸ்திரிக் கடை அவர்களுடையது. முன்னறையில் மேஜை, பின்னறையில் குடித்தனம். அம்மா போன பிறகு அக்கா கடையைத் தூக்கி நிறுத்தினாள். தங்கை ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டுவிட்டுத் துணி மடிக்க வந்தாள். வகுப்பில் எழுந்து நின்று படிக்கச் சொன்னால் குரலே எழும்பாத பெண். அக்கா அவளைப் பூனை என்றுதான் கூப்பிடுவாள். அந்தப் பூனை, மதியக் கூட்டம் ஓய்ந்ததும் துணிமூட்டைமேல் சாய்ந்துகொண்டு, அக்காவுக்கு மட்டும் கேட்கிற குரலில் புத்தகம் படிக்கும்.

தெருமுனை வாடகை நூலகத்தில் கிடைத்த தொடர் அது. கண்ணுக்கெட்டிய தூரம் புல்வெளி, சட்டம் எட்டிப் பார்க்காத மேற்குச் சீமை, அப்பனை இழந்த மூன்று சகோதரிகள். வெளிநாட்டுப் பெயர்கள் வாயில் நுழையாததால் இவர்கள் பெரியவள், நடுவுலவள், கடைக்குட்டி என்று வைத்துக்கொண்டார்கள். பெரியவள் துப்பாக்கியை எடுத்தால் குறி தப்பாது. நடுவுலவள் எந்த முரட்டுக் குதிரையையும் அடக்கிவிடுவாள். கடைக்குட்டி நாக்காலேயே ஆளைச் சாய்த்துவிடுவாள்.

ஆனால் அது காதல் கதையும்கூட. அங்கேதான் பூனைக்குச் சங்கடம். அக்கா அம்மா மாதிரி. அவள் முகத்துக்கு நேரே, அவன் அவள் இடையை வளைத்தான் என்று எப்படிப் படிப்பது? பக்கத்துப் பண்ணைக்காரன் குதிரையை விட்டு இறங்கினாலே பூனை உஷாராகிவிடுவாள். அவன் மறுபடி குதிரையேறும் இடத்தை விரல் தேடிப் போகும். ஒரு இருமல், ஒரு வாய் தண்ணீர். பிறகு ஒன்றுமே நடக்காதது போலக் கதை தொடரும்.

ஆகவே அக்காவைப் பொறுத்தவரை அது முழுக்க முழுக்க மாடு, வேலி, வறட்சி, துப்பாக்கி.

"ஏண்டி, அந்தப் பக்கத்துப் பண்ணைக்காரன் எதுக்கு இங்கேயே சுத்திக்கிட்டு இருக்கான்?"

"மாடு வாங்கக்கா."

"இத்தனை மாட்டையும் வாங்கி எங்கே கட்டுறான்?"

பூனை பக்கத்துக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

அந்தச் சகோதரிகளை அக்கா தன் சொந்தக்காரர்களாகவே நினைத்தாள். இஸ்திரி சரியில்லை என்று வம்புக்கு வருகிறவர்களிடம், "பெரியவளா இருந்தா இந்நேரம் பேசிக்கிட்டு இருக்க மாட்டா" என்பாள். யார் அந்தப் பெரியவள் என்று தெரியாமல் அவர்கள் முழிப்பார்கள். அக்கா இஸ்திரிப் பெட்டியை இன்னும் கொஞ்சம் அழுத்தித் தேய்ப்பாள்.

பேருந்து ஓட்டுகிற டிரைவர் ஒருவர் அந்தக் கடைக்கு வந்துகொண்டிருந்தார். முதலில் சீருடைச் சட்டைகளைக் கொண்டுவந்தார். பிறகு மடிப்பே கலையாத சட்டைகளையும் கொண்டுவர ஆரம்பித்தார். "இதுல தேய்க்க என்ன இருக்கு?" என்று அக்கா கேட்டால், "காலர் லேசா..." என்று இழுப்பார். அந்தக் காலரை அக்கா மற்ற காலர்களைவிடக் கொஞ்சம் கூடுதல் நேரம் தேய்ப்பதைப் பூனை கவனித்துத்தான் இருந்தாள்.

ஒரு திங்கட்கிழமை அவர் மேஜையைப் பார்த்தபடியே கேட்டுவிட்டார். "உங்களுக்குச் சம்மதம்னா நாம கல்யாணம் பண்ணிக்கலாம்."

அக்கா பெட்டியைத் துணியிலிருந்து எடுக்கக்கூட மறந்தாள். தீய்ந்த வாசனை வந்த பிறகுதான், "வியாழக்கிழமை சட்டை வாங்க வருவீங்கல்ல, அப்ப சொல்றேன்" என்றாள்.

புதன்கிழமை துணி மடித்துக்கொண்டிருந்தபோது அக்கா திடீரென்று சொன்னாள். "முடியாதுன்னு சொல்லிடப் போறேன்."

"ஏன்க்கா? நல்லவர்தானே?"

"நல்லவர்தான். யார் இல்லேன்னா? கட்டிக்கிட்டா கடையை மூடிட்டு வீட்டோட இருன்னு சொல்வாங்க. கடை ஒரு பக்கம், வாழ்க்கை ஒரு பக்கம்னு ரெண்டும் கிடைக்காதுடி. அந்த மூணு பேரும் ஒருத்தன் துணையும் இல்லாம அவ்வளவு பெரிய பண்ணையையே கட்டி ஆளலையா? நாம இந்த மேஜையை ஆளக்கூடாதா?"

பூனையின் மடிப்பு பாதியில் நின்றது. யாரும் துணை இல்லையா? முதல் பாகத்திலேயே துணை வந்துவிட்டது. பெரியவளுக்கு இப்போது கல்யாணமாகி மூன்று பாகம் ஓடிவிட்டது. கல்யாணத்தன்று அக்கா கேட்டது புது மாட்டுக்கொட்டகை திறப்புவிழா. அதைப் படித்தது யார்? தான். தன் வெட்கத்துக்கு அக்கா தன் ஆசையை விலையாகக் கொடுக்கப் போகிறாள்.

வியாழக்கிழமை மதியம் நூலகத்துக்கு ஓடிப்போய் முதல் பாகத்தைத் திரும்ப எடுத்து வந்தாள். கடையில், வாடிக்கையாக வரும் நர்ஸம்மா தன் வெள்ளைக் கோட்டுக்காக நாற்காலியில் காத்திருந்தாள். அக்கா டிரைவரின் சட்டையைத்தான் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, நான் சில பக்கம் விட்டுட்டேன்."

"எதுல?"

"எல்லாத்துலயும்."

நர்ஸம்மா அட்டையை எட்டிப் பார்த்தாள். "அட, இந்தக் கதையா! நான் எல்லாப் பாகமும் படிச்சாச்சு. எதை விட்டே, அந்தக் குதிரை லாயத்து முத்தத்தையா?"

"எந்த முத்தம்?" அக்கா நிமிர்ந்தாள்.

"அதை விட்டுட்டா அப்புறம் கதையில என்னம்மா இருக்கு?"

"மாடு இருக்கு" என்றாள் அக்கா.

நர்ஸம்மா சிரித்த சிரிப்பில் நாற்காலி கிரீச்சிட்டது. பூனைக்குக் காது, கழுத்து, உள்ளங்கை எல்லாம் பற்றி எரிந்தது. மூட்டைமேல் உட்கார்ந்தால் குரல் எழும்பாது என்று தோன்றியது. எழுந்து நின்றாள். படித்தாள்.

பெரியவள் லாயத்தில் விளக்கோடு நிற்கிறாள். அவன் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு வருகிறான். அவள் சொல்கிறாள்: "உன்னை எனக்குப் பிடித்திருக்கிறது. அதை மறைக்க மாட்டேன். ஆனால் இந்த மண்ணை விட்டு ஓரடிகூட நகர மாட்டேன். உன் வீட்டுக்கு விளக்கேற்ற வேறு ஆள் பார்த்துக்கொள்."

முதல் வரிகளில் குரல் தேய்ந்தது. நர்ஸம்மா, "சத்தமா, கண்ணு" என்றாள். அக்கா பெட்டியை நிமிர்த்தி வைத்தாள்.

"அவன் சொன்னான்: உன்னைப் பிடுங்கி வேறிடத்தில் நடுவதற்கு நீ என்ன நாற்றா? இந்தச் சுவரில் ஓர் ஆணி அடித்துக்கொடு, என் தொப்பியை மாட்டிக்கொள்கிறேன்."

அப்போது வாசலில் நிழல் விழுந்தது. டிரைவர். பூனை பார்த்துவிட்டாள். அடுத்த வரி என்ன என்பதும் அவளுக்குத் தெரியும். விரல் பழக்கதோஷத்தில் பக்கத்தின் ஓரத்துக்குப் போனது. அதை அங்கேயே நிறுத்தினாள். மூச்சை இழுத்துக்கொண்டு, ஒரு வார்த்தை விடாமல், இடை வளைந்ததையும் விளக்கு அணைந்ததையும் முத்தத்தையும், தெருவில் போகிறவர்களுக்கும் கேட்கும்படி படித்து முடித்தாள். வகுப்பறையில் வராத குரல். அவளுடையதுதான், அவளுக்கே புதிதாக இருந்தது.

அக்கா வாசல் பக்கம் திரும்பினாள். "எப்ப வந்தீங்க?"

"ஆணி அடிக்கும்போது."

"அப்ப எல்லாம் கேட்டாச்சு. நானும் சொல்லிடறேன். உங்களைப் பிடிச்சிருக்கு. ஆனா இந்தக் கடையை மூட மாட்டேன். இவளும் என்கூடத்தான் இருப்பா. இதுக்குச் சரின்னா பேசலாம். இல்லேன்னா சட்டை ரெடியா இருக்கு, எடுத்துக்கிட்டுப் போகலாம்."

டிரைவர் பிடரியைச் சொறிந்தார்.

"அந்தக் கதையில அவன் அடுத்தது என்ன சொல்றான்?"

"அவன் சொன்னது இருக்கட்டும். நீங்க சொல்லுங்க."

"நானா? விடியறதுக்கு முன்னாடி முதல் வண்டி எடுக்கணும். யாரையும் எழுப்பாம உங்க வாசக்கதவைத் திறக்கக் கத்துக்கணும். வேற கஷ்டம் ஒண்ணும் எனக்குத் தெரியலை."

"கடையை மூடச் சொல்ல மாட்டீங்களா?"

"மூடிட்டா என் சட்டையை யார் தேய்ப்பா?"

"நீங்கதான். கல்யாணத்துக்கு அப்புறம் உங்க சட்டையை நீங்களே தேய்ச்சுக்கணும்."

"சரி. கத்துக்கறேன்."

"அப்ப எனக்கும் சரி" என்றாள் அக்கா.

"அப்பாடா!" என்று நர்ஸம்மா தொடையில் தட்டினாள். "வேலைக்கு நேரமாச்சு. பரவாயில்ல, இந்த அத்தியாயம் முடியட்டும். படி கண்ணு."

பூனை இன்னும் நின்றுகொண்டுதான் இருந்தாள். அக்கா மேஜையைச் சுற்றி வந்து, சூடு மாறாத கையை அவள் தோளில் வைத்து, அவளை டிரைவர் பக்கம் திருப்பினாள்.

"என் தங்கச்சி" என்றாள். "எப்படிப் படிக்கிறா, கேட்டீங்கல்ல?"