நேர்த்தி வெடி

குசினிக்குள் சமைத்துக்கொண்டு நின்றபடியே கிறேஸ் தொண்டை கிழியக் கூப்பிட்டுவிட்டாள். முற்றத்தில் சிப்பி அடுக்கிக்கொண்டிருந்த மகள் கிறிஸ்டின் அசையவே இல்லை. ஏழு வயதில் இவ்வளவு திமிரா! அகப்பையோடு வந்து முதுகில் ஒன்று வைத்தாள். பிள்ளை துள்ளி விழுந்து, தாயை மிரண்டு பார்த்தது.

"அடிக்காத கிறேஸ், செத்துப் பிழைச்ச புள்ள!" என்றாள் வேலிக்கு அப்பால் நின்ற ரபீக்கா.

"எல்லாரும் செல்லம் குடுத்துத்தான் பழுதாக்கிப்போட்டினம். கூப்பிட்டாத் திரும்பமாட்டாவாம் மகாராணி!"

போன மாதம்தான் கிறிஸ்டினுக்கு மூளைக்காய்ச்சல் வந்தது. கடும் காய்ச்சல், வாந்தி, வெளிச்சத்தைக் கண்டால் அலறல். கழுத்தோ கட்டை மாதிரி விறைத்துவிட்டது. துறைமுகத்தில் வேலை செய்யும் தகப்பன் வின்சன்ட் அவளைத் தோளில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினான். முதுகில் ஊசி குத்தி நீர் எடுத்துப் பார்த்தார்கள், பெனிசிலின் போட்டார்கள். பிள்ளை தப்பியது. "கிளினிக்குக் கட்டாயம் திரும்பக் கொண்டு வாங்கோ" என்று டொக்டர் சொல்லித்தான் அனுப்பினார். ஓடித் திரிகிற பிள்ளைக்கு இனி என்ன கிளினிக்? போகவில்லை.

ஆனால் பிள்ளை தப்பினால் வெடி கொளுத்துவதாக மாதாவுக்கு வைத்த நேர்த்தியை மறக்கவில்லை. ஞாயிறு பூசை முடிந்ததும் கோயில் வளவில் வின்சன்ட் சீனவெடிக் கட்டைத் தொங்கவிட்டு நெருப்பு வைத்தான்.

வெடித்த வெடியில் காகங்கள் கடல் பக்கம் பறந்தன. சிறுவர்கள் காதைப் பொத்திக்கொண்டு கூச்சலிட்டார்கள். கிறேஸ் சிரித்தபடி மகளைத் தேடினாள். கிறிஸ்டின் வெடிக்கு முதுகைக் காட்டிக் குந்தியிருந்து, ஓர் ஆட்டுக்குட்டிக்குக் குழை ஊட்டிக்கொண்டிருந்தாள். குட்டி வெருண்டு பாய்ந்தோடியது. அது ஏன் ஓடுகிறதென்று விளங்காமல், கையில் குழையோடு அவள் திகைத்து நின்றாள்.

கப்பல் ஊதினாலே தாயின் சீலைக்குள் ஒளிகிற பிள்ளை அது!

கிறேசின் சிரிப்பு உறைந்தது. "இஞ்சேருங்கோ... இவளுக்குக் காது கேக்கேல்லை! ஐயோ மாதாவே, கேக்காத பிள்ளைக்கோ நான் அடிச்சனான்!"

மறுநாள் டொக்டர் சோதித்துவிட்டுப் பெருமூச்சு விட்டார். "மூளையை மூடியிருக்கிற சவ்வில கிருமி பிடிக்கிற வருத்தம் இது. மருந்து உயிரைக் காப்பாத்திப்போட்டுது. ஆனா கிருமி காதையும் தாக்கியிருக்கு. அதைப் பாக்கத்தான் வரச் சொன்னனான்."

"இனிக் கேக்காதோ ஐயா?"

"கஷ்டம் அம்மா. ஆனா பேச்சையாவது காப்பாத்த வேணும். கேக்காத பிள்ளை கதைக்கவும் மறந்துபோகும். முகத்துக்கு நேர நிண்டு கதையுங்கோ. இப்பிடிப் பிள்ளையளுக்குப் பள்ளிக்கூடமும் இருக்கு."

வீட்டுக்கு வந்ததும் கிறிஸ்டின் சிப்பிகளோடு குந்திவிட்டாள். இம்முறை கிறேஸ் குசினியிலிருந்து கத்தவில்லை. சுற்றி வந்து, மகளுக்கு முன்னால் முழங்காலில் நின்றாள். "சோறு தின்ன வா, குஞ்சு."

பிள்ளை உதடுகளை உற்றுப் பார்த்தது. "மீனோ?" என்று ஊருக்கே கேட்கக் கத்தியது.

"அல்லாஹ்! தொண்டைக்கு ஒரு குறையும் இல்ல!" என்று வேலிக்கு அப்பால் நின்று ரபீக்கா சிரித்தாள்.

கிறேஸ் கண்ணைத் துடைத்தாள். "ரபீக்கா, தெருவில எல்லாருக்கும் சொல்லு. மூளைக்காய்ச்சல் மாறினாப்போல எல்லாம் முடிஞ்சுதெண்டு இருக்கக் கூடாது. காதையும் சோதிக்க வேணும். கூப்பிட்டுத் திரும்பாத பிள்ளைக்கு அகப்பையைத் தூக்க முதல், பிள்ளையை டொக்டரிட்டத் தூக்கிக்கொண்டு போக வேணும்."